ஓடுகிறவருக்கு ரத்தம் உறையாதா?

ஓடினால் நோய் ஓடிப்போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. காலை நடைப் பூங்காவில் ஆரம்பித்து ஓட்டக்காரர் சங்கங்கள், ஷூ விளம்பரங்கள், பத்திரிகைகளின் ஞாயிறு இணைப்புகள் வரை எல்லா இடத்திலும் இதே பல்லவிதான். நாற்பது வயதில் ஓடத் தொடங்கி அறுபதில் மாரத்தான் முடித்தவரின் படம் வரும். கழுத்தில் பதக்கம், முகம் முழுக்கச் சிரிப்பு. படத்துக்குக் கீழே, வயது வெறும் எண்தான் என்று ஒரு வரி.

வயது வெறும் எண் அல்ல. ரத்தத்துக்கு அது நன்றாகவே தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே சண்டை ஓட்டத்தோடு அல்ல. ஓட்டத்தின் பெயரால் விற்கப்படும் ஒரு பொய்யோடுதான் சண்டை. உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பவருக்குக் காலில் ரத்தக்கட்டி வராது, அதெல்லாம் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் வருவது என்பதே அந்தப் பொய். இதை யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு விற்பதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டே விற்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஓட்டக்காரரும் சைக்கிள்காரரும் இதை நம்பித்தான், வீங்கிய கெண்டைக்காலுக்கு ஒரு வாரமாக ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கட்டி எப்படி வருகிறது?

கால் சிரையில் உண்டாகும் ரத்தக்கட்டி உடைந்து, ரத்தத்தோடு பயணம் செய்து, நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ. அவர் பெயரால் மூன்று காரணங்களை மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். ஒன்று, ரத்தம் தேங்குவது. இரண்டு, ரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுவது. மூன்று, ரத்தமே சுலபமாக உறையும் நிலைக்கு வருவது.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, மாரத்தான் ஓடப் போன ஓர் அறுபது வயதுக்காரரின் மூன்று நாட்களைப் பாருங்கள்.

போட்டிக்கு முன்பு விமானத்தில் பல மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வருகிறார். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறும். அதனால்தான் அதை இரண்டாவது இதயம் என்கிறார்கள். உட்கார்ந்தே இருந்தால் அந்த பம்பு ஓடாது. ரத்தம் தேங்குகிறது. மறுநாளோ அதற்கு மறுநாளோ 42.195 கிலோமீட்டர் ஓடுகிறார். தசைகளில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் சின்னச் சின்னச் சிதைவுகள். வியர்வையாக நீர் வெளியேறி ரத்தம் கெட்டிப்படுகிறது. காயம் பட்டால் ரத்தத்தை நிறுத்தும் ஏற்பாடு முழு வேகத்தில் வேலை செய்கிறது. ஓடி முடித்த அன்றே, அல்லது அடுத்த நாள், மறுபடியும் விமானம். மறுபடியும் மடக்கிய முழங்கால். இப்போது தசைவலி வேறு. எழுந்து நடக்கவும் மனம் வராது.

விர்ஷோவின் மூன்று காரணங்களும் ஒரே பயணச்சீட்டில்!

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கடுமையாக ஓடும்போது ரத்தத்தை உறைய வைக்கும் வேலையும் கூடுகிறது, உறைந்ததைக் கரைக்கும் வேலையும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து ஏறுவதால் ஓடும்போது தராசு பெரும்பாலும் சமமாகவே நிற்கிறது. சிக்கல் ஓட்டம் நின்ற பிறகு. கரைக்கும் வேலை சீக்கிரமே பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. உறைய வைக்கும் வேலை இன்னும் சில மணி நேரம் ஏறியபடியே நிற்கிறது. வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் கடையின் நிலைமை அது. சரியாக அந்த நேரத்தில்தான் நம் ஓட்டக்காரர் விமானத்தில் சீட் பெல்ட்டைப் பூட்டுகிறார்.

பாஸ்டனில் பார்த்த ரத்தம்

இது வெறும் ஊகம் அல்ல. 2010ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓடிய 41 பேரின் ரத்தத்தை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் 4 மணி நேரத்துக்கும் அதிகமாக விமானத்தில் பறந்து வரவேண்டிய தூரத்தில் இருப்பவர்கள். மற்றவர்கள் காரில் 2 மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடியவர்கள். ஓட்டம் முடிந்தபோது இரு தரப்பிலும் உறைதலுக்கான அடையாளங்கள் ஏறியிருந்தன. விமானத்தில் வந்தவர்களிடம் அதிகமாக ஏறியிருந்தன. விமானத்தில் வந்தவர்களிலும் வயது கூடக்கூட அந்த ஏற்றமும் கூடியது.

41 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்று யாராவது சொன்னால் அது நியாயமான பேச்சு. அளந்தது ரத்தத்தில் உள்ள அடையாளங்களை, கட்டிகளை அல்ல என்று சொன்னாலும் நியாயம்தான். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. பாஸ்டன் மாரத்தான் 1897 முதல் நடக்கிறது. வயது கூடக்கூடத் தகுதி நேரத்தைத் தளர்த்திக் கொடுத்து மூத்தவர்களைக் கௌரவமாக அழைக்கும் போட்டி அது. உலகம் முழுவதிலிருந்தும் விமானம் ஏறி வருகிறார்கள். பாஸ்டனிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் திரும்பவே ஏறக்குறைய 6 மணி நேரம் பறக்க வேண்டும். இத்தனை கூட்டம், இத்தனை பணம், இத்தனை ஆண்டுகள். இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் 41 பேரோடு. ஷூவின் அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்ற ஆராய்ச்சிக்கு மட்டும் இந்தப் பஞ்சம் வந்ததே இல்லை.

பயணத்தின் பங்கைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007ல் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. 4 மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் சிரையில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. விமானம் மட்டும் அல்ல, ரயில், பஸ், கார் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். ஆகவே இது டாலர் சம்பாதிப்பவர்களின் பிரச்சினை என்று ஆம்னி பஸ்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அபாயம் இறங்கிய இடத்திலேயே முடிந்துவிடுவதும் இல்லை. சுமார் 4 வாரம் வரை அது கூடவே வருகிறது.

வயது என்ன செய்கிறது?

மேற்கு நாடுகளின் கணக்குப்படி, ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குச் சிரையில் ரத்தம் உறைகிறது. ஆனால் இது சராசரி. சராசரி என்பது எத்தனை பெரிய ஏமாற்றுக்காரன் என்று புள்ளியியல் முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். இளம் வயதில் இது பத்தாயிரத்தில் ஒருவர் அளவுக்கு அபூர்வம். முதிய வயதில் நூற்றில் ஒருவர் அளவுக்கு ஏறிவிடுகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் சில புரதங்கள் வயதோடு கூடுகின்றன. சிரைகளின் உள்ளே இருக்கும் வால்வுகள் தளர்கின்றன. எத்தனை மாரத்தான் ஓடினாலும் பிறந்த ஆண்டு மாறாது.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 5,500 பேரை 11 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2008ல் வந்தது. அதில் ஒரு விஷயம் பலரையும் புருவம் உயர்த்த வைத்தது. ஜாகிங் போன்ற கடுமையான பயிற்சி செய்தவர்களுக்குச் சிரை ரத்த உறைவு அபாயம், எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களைவிட ஏறக்குறைய 1.75 மடங்கு இருந்தது. நடைப்பயிற்சி போன்ற மிதமான பயிற்சி செய்தவர்களுக்கு அபாயம் குறைவாகத் தெரிந்தது, ஆனால் அந்தக் குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

இதை வைத்துக்கொண்டு ஓட்டம் கட்டியை உண்டாக்குகிறது என்று குதிக்க வேண்டாம். ஒரே ஓர் ஆய்வு எதையும் தீர்ப்பாகச் சொல்லிவிடாது. மிதமான உடற்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மூளைக்கும் நல்லது என்பதற்கு மலையளவு ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. கடுமையாக ஓடுகிற முதியவருக்குக் கட்டி வராது என்று யாராவது சத்தியம் செய்தால், அந்தச் சத்தியத்துக்கு ஆதாரம் கிடையாது.

இந்தப் பொய் புதிதல்ல

1970களில் தாமஸ் பாஸ்லர் என்ற கலிஃபோர்னியா மருத்துவர் ஒரு கோட்பாட்டைப் பரப்பினார். புகைபிடிக்காமல், முழு மாரத்தான் ஓடி முடிக்கும் திறனோடு இருப்பவருக்கு இதயக் குழாய் அடைப்பால் மரணம் வராது என்பது அதன் சாரம். ஓட்டப் பைத்தியம் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய காலம். இப்படி ஒரு வாக்குறுதியை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

1979ல் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடைய சகாக்களும், இறந்த மாரத்தான் ஓட்டக்காரர்களின் இதயக் குழாய்களில் அடைப்பு இருந்ததைப் பிரேதப் பரிசோதனை ஆதாரத்தோடு வெளியிட்டார்கள். அதன் பிறகும் நம்பிக்கை சாகவில்லை. 1984 ஜூலையில் ஜிம் ஃபிக்ஸ் இறந்தார். ஓட்டத்தைப் பற்றி அவர் 1977ல் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்று, ஒரு தலைமுறையையே தெருவில் இறக்கி ஓட வைத்தது. அவர் 52 வயதில், வெர்மான்ட் மாநிலத்தில், ஓட்டப் பயிற்சியின்போதே மாரடைப்பால் விழுந்தார். அவருடைய அப்பாவுக்கு முதல் மாரடைப்பு 40 வயதுக்கு முன்பே வந்தது, 43ல் இறந்துவிட்டார். ஓட்டம் ஃபிக்ஸைக் கொன்றது என்று சொல்பவர்கள் அரைகுறைகள். அது அவருக்குச் சில ஆண்டுகளைக் கூடுதலாகவே கொடுத்திருக்கலாம். ஆனால் ஓடுகிறவனுக்கு வராது என்ற நம்பிக்கை இருந்தால், உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்?

ஃபிக்ஸின் நோய் தமனியில். இங்கே பேசும் நோய் சிரையில். நோய்கள் வேறு, பொய் ஒன்றேதான். மாரடைப்பு விஷயத்தில் ஓட்ட உலகம் பாடம் படித்துவிட்டது. இப்போதெல்லாம் நாற்பதைத் தாண்டியவரிடம், ஓடுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள், ஈ.சி.ஜி. எடுங்கள் என்று சொல்கிறார்கள். சிரை விஷயத்தில் மட்டும் இன்னும் 1970களிலேயே நிற்கிறார்கள்.

உடனே ஃபாஜா சிங்கைக் காட்டுவார்கள். அவர் சொன்ன பிறந்த ஆண்டின்படி 100 வயதில், 2011ல், டொராண்டோ மாரத்தானை முடித்தவர். 2025 ஜூலையில் பஞ்சாபில் அவர் இறந்ததுகூட நோயால் அல்ல, வாகனம் மோதித்தான். பெருமைப்பட வேண்டிய மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் நலமாக இருந்தது மற்றவர்களுக்குக் காப்பீட்டுப் பத்திரம் ஆகாது. பரிசு விழுந்தவரின் படத்தை மட்டும் கடை வாசலில் ஒட்டி லாட்டரிச் சீட்டு விற்ற அதே வியாபாரம்தான் இதுவும்.

ஓட்டக்காரருக்கு மதிப்பெண் குறைப்பு

இந்தப் பொய்யால் வரும் உண்மையான ஆபத்து, கட்டி வருவதைவிட, வந்த கட்டி கண்ணில் படாமல் போவதுதான்.

கெண்டைக்காலில் வலி என்றால் ஓட்டக்காரர் என்ன நினைப்பார்? தசைப்பிடிப்பு. பயிற்சியாளர் என்ன சொல்வார்? தசைப்பிடிப்பு, ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க சார். மாத்திரைக் கடைக்காரர் வலி மாத்திரை கொடுப்பார். வலி குறையும், கட்டி இருக்கும். சரி, டாக்டராவது?

டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. கனடா மருத்துவர் ஃபிலிப் வெல்ஸின் பெயரால் வழங்குவது. காலில் கட்டி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட உதவுவது. ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருந்தால் 1 மதிப்பெண். ஆழ்சிரை போகும் பாதையில் அமுக்கினால் வலித்தால் இன்னொரு 1. ஆக 2. ஆனால் அதே அட்டவணையில் ஒரு கழித்தலும் உண்டு. இந்த வலிக்கு வேறு காரணம் இருக்கவும் இதே அளவு வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் நினைத்தால் 2 மதிப்பெண் கழியும்.

ஓட்டக்காரருக்கு வேறு காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது. தசைப்பிடிப்பு! இரண்டில் இரண்டு போனால் பூஜ்யம். ஓடவே ஓடாத ஒரு குமாஸ்தா அதே காலோடு வந்தால் அவருக்கு 2. ஓட்டம் அவரைக் காப்பாற்றியதா, காட்டிக் கொடுக்காமல் மறைத்ததா?

நுரையீரல் அடைப்புக்கும் வெல்ஸ் அட்டவணை ஒன்று உண்டு. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் அதில் 1.5 மதிப்பெண். பல ஆண்டுகள் ஓடிப் பழகியவரின் நாடி ஓய்வில் 48 இருக்கலாம். கட்டி போய் நுரையீரலை அடைத்து, அது 92க்கு ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அட்டவணைக்கு 92 என்பது சாதாரண நாடி. மதிப்பெண் பூஜ்யம். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், வயசாகுது சார் என்பார்கள். போன மாதம்தான் அவர் 30 கிலோமீட்டர் ஓடியிருப்பார்!

அட்டவணையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மதிப்பெண் குறைவாக வந்தால் வீட்டுக்கு அனுப்பு என்று அது சொல்வதில்லை. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு முடிவெடு என்கிறது. ஆனால் மாரத்தான் ஓடியவருக்குக் கட்டி இல்லாமலேயே சில காலம் டி-டைமர் ஏறியிருக்கலாம். அப்போது கால் சிரைகளுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. இந்த ஒரு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்காமல் தடுப்பது அட்டவணை அல்ல. இவர் ஓடுகிறவராயிற்றே என்ற நினைப்புதான்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸின் கதை உலகத்துக்கே தெரியும். 2010ல் கண்ணாடி குத்திக் காலில் அறுவை சிகிச்சை, 2011ல் நுரையீரலில் ரத்தக்கட்டிகள். 2017 செப்டம்பரில் அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பிறந்த மறுநாள் மூச்சுத் திணறியது. தனக்கு என்ன பரிசோதனை வேண்டும், என்ன மருந்து வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று முதலில் நினைத்தார்கள். அவர் விடவில்லை. கடைசியில் ஸ்கேனில் கட்டிகள் தெரிந்தன. கூடைப்பந்து வீரர் கிறிஸ் பாஷுக்கு 2015ல் நுரையீரலில் கட்டிகள், 2016ல் காலில். அதன் பிறகு அவர் என்.பி.ஏ.வில் ஆடவே இல்லை.

இவர்கள் முதியவர்களும் அல்ல, மாரத்தான்காரர்களும் அல்ல. அதனால்தான் இந்த உதாரணங்கள். முப்பதுகளின் உடம்பு, கோடிக்கணக்கில் மதிப்புள்ள உடம்பு, சுற்றிலும் டாக்டர்கள். அப்படியிருந்தும் கட்டி வந்தது. அப்படியானால் 62 வயதில், தனியாகப் பயிற்சி செய்து, தனியாக விமானம் ஏறி, தனக்கு வராது என்று நம்பிக்கொண்டிருப்பவரின் கதி?

இதயத்திலிருந்தும் ஒரு கட்டி

கட்டி காலில் மட்டும்தான் உண்டாகும் என்பதில்லை. ஸ்வீடனில் வாசலோப்பெட் என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. 1989 முதல் 1998 வரை அதை முடித்த 52,755 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரே முறை முடித்தவர்களைவிட, 5 முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு வரும் அபாயம் சுமார் 30 சதவீதம் அதிகம். வேகமாக முடித்தவர்களுக்கும் அதிகம்.

அந்தக் கோளாறுகளில் முக்கியமானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கும். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு பக்கவாத அபாயத்தை ஏறக்குறைய 5 மடங்காக்குகிறது. சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கும்.

இங்கேயும் நேர்மையாக மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். அதே வாசலோப்பெட் வீரர்களைப் பற்றி 2019ல் வந்த இன்னொரு ஆய்வின்படி, இந்தக் கோளாறு வந்த வீரர்களுக்கு, கோளாறு வந்த சாதாரண மக்களைவிடப் பக்கவாதம் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் கோளாறு இல்லாத வீரர்களைவிட அதிகம். அதாவது பயிற்சி தள்ளுபடி கொடுக்கிறது, கடனை ரத்து செய்வதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்று டாக்டர் போடும் கணக்கில் 65 வயதுக்கு 1 புள்ளி, 75க்கு 2 புள்ளி. மாரத்தான் ஓடியவர் என்று கழித்துக்கொள்ள அதில் கட்டமே கிடையாது.

பயமுறுத்தாதே என்பவர்களுக்கு

இதையெல்லாம் சொன்னால் ஒரு பதில் தயாராக வரும். ஏற்கெனவே மக்கள் சோபாவை விட்டு எழுவதில்லை, நீங்கள் வேறு பயமுறுத்துகிறீர்களே என்று. குடை எடுத்துப் போ என்று சொல்பவன் மழைக்கு எதிரியா? நாக்கு வறளும் முன் தண்ணீர் குடியுங்கள் என்று எழுதினால் யாரும் ஓடுவதை நிறுத்தவில்லை. ஒரு கால் மட்டும் வீங்கினால் டாக்டரைப் பாருங்கள் என்று எழுதினால் மட்டும் நிறுத்திவிடுவார்களா?

இன்னொரு பதில், இது அபூர்வம் என்பது. அபூர்வம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2007 அறிக்கை, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு கட்டி வருவது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்கிறது. ஆனால் வீட்டில் தீப்பிடிப்பதும் அபூர்வம்தான், அதற்காக யாரும் தீ இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்பதில்லை. நிகழ வாய்ப்பு சிறிது, நிகழ்ந்தால் இழப்பு பெரிது, தடுக்கும் செலவு அற்பம் என்றால் பிரீமியம் கட்டுபவன்தான் புத்திசாலி. இங்கே இழப்பு எவ்வளவு? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 60,000 முதல் 1,00,000 பேர் வரை இந்த நோயால் இறக்கிறார்கள். நுரையீரல் அடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் திடீர் மரணமே முதல் அறிகுறி. பிழைத்தவர்களும் குறைந்தது 3 மாதம் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிட வேண்டும். காலில் ஆழ்சிரை உறைவு வந்தவர்களில் 20 முதல் 50 சதவீதம் பேருக்கு, வீக்கமும் கனமும் வலியுமாக அந்தக் கால் பின்னாலும் தொல்லை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டத்தையே உயிராக நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்கிறது?

பிரீமியம் எவ்வளவு? போட்டிக் கையேட்டில் அரைப் பக்கம்.

அந்த அரைப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு கால் மட்டும் வீங்கினால், சூடாக இருந்தால், நிறம் மாறினால், ஓய்விலும் வலி குறையாவிட்டால், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தசைப்பிடிப்பு பெரும்பாலும் எந்த நிமிடம் பிடித்தது என்று சொல்ல முடியும், நாளுக்கு நாள் குறையும். குறையாத வலியைத் தசையின் கணக்கில் எழுதக் கூடாது. திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் அடுத்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவு. வழக்கமான மேடு திடீரென்று மலையாகத் தெரிந்தால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

நீண்ட பயணத்தில் மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். முழங்கால் வரை வரும் இறுக்கக் காலுறை நீண்ட விமானப் பயணத்தில் அறிகுறியில்லாத கட்டிகளைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அளவு பார்த்து வாங்க வேண்டும். முன்பு கட்டி வந்தவர், குடும்பத்தில் வந்தவர், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், காலில் மாவுக்கட்டு போட்டவர், ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோர் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். யாரும் சுயமாக ஆஸ்பிரின் விழுங்கக் கூடாது. நாடி தாறுமாறாகத் துடிப்பது தெரிந்தால் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும்.

அவ்வளவுதான். இதில் எந்த ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை. இதை அச்சடிக்க ஆகும் செலவு ஒரு பதக்கத்தின் ரிப்பனுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மாரத்தான் சுற்றுலா விற்கும் நிறுவனங்கள் விமானம், ஹோட்டல், போட்டி அனுமதி மூன்றையும் ஒரே கட்டணத்தில் தருகின்றன. ஓட்டம் முடிந்த அன்றிரவே திரும்பும் விமானத்தைப் போட்டு ஒருநாள் ஹோட்டல் செலவை மிச்சம் பிடித்துக் கொடுப்பதைச் சலுகை என்று சொல்கிறார்கள். அறுபது வயதுக்காரருக்கு அது சலுகை அல்ல. ஒரு நாள் தங்கி, நடந்து, தண்ணீர் குடித்து, தசை கொஞ்சம் ஆறிய பிறகு கிளம்பச் சொல்வதுதான் சலுகை. பயிற்சியாளர்கள் நீட்சிப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதோடு, இரண்டு கெண்டைக்கால்களையும் டேப் வைத்து அளந்து பார்க்கவும் சொல்லிக் கொடுக்கட்டும். டாக்டர்கள் ஓட்டக்காரரிடம், இப்போது நாடி எவ்வளவு என்பதோடு, வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்றும் கேட்கட்டும். ஓட்டக்காரர் கேட்கப்படாவிட்டாலும் சொல்லட்டும்: சார், எனக்கு வழக்கமா 48, இப்ப 92.

மூத்தவர்கள் ஓட வேண்டும். எழுபதிலும் ஓட வேண்டும், எண்பதிலும் முடிந்தால் ஓட வேண்டும். அவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறவர்கள் உண்மையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பதக்கம் தகரத்தில் செய்கிறார்கள், அதற்கு உயிரைக் காக்கும் சக்தி இல்லை. வலிக்கிற காலை ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்தால், அந்தச் சக்தி உண்டு.